எட்டு முட்டை, ஒரு குஞ்சுகூட இல்லை: ஏன்?

கேள்வி: டாக்டர், நாங்கள் கனடாவில், ஸ்கார்பரோவில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு ஜோடி லெபர்ட் கெக்கோ பல்லி வளர்க்கிறோம். ஜனவரி தொடங்கிப் பெண் பல்லி நான்கு தடவை, இரண்டிரண்டாக முட்டை இட்டது. எட்டில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. முதல் இரண்டும் பத்து நாளில் மஞ்சளாகிப் பூஞ்சை பிடித்தன. அடுத்த நான்கில் சிவப்பு நரம்பு தெரிந்தது. நன்றாக உப்பி வந்தன. மூன்று நான்கு வாரத்தில் நரம்பு மறைந்து ஒழுகிப்போயின. கடைசி இரண்டும் 52ஆம் நாள் வியர்த்தன, ஆனால் குஞ்சு வெளியே வரவில்லை. 56ஆம் நாள் வெட்டிப் பார்த்தேன். முழுசாக வளர்ந்த குஞ்சுகள், செத்து நாறிக்கிடந்தன. மகள் அழுதுவிட்டாள்.

கோழி முட்டைக்கான இன்குபேட்டரில்தான் வைத்தேன். டப்பாவில் ஒரு கப் வெர்மிகுலைட்டுக்கு (ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) ஒரு கப் தண்ணீர், வெப்பம் 30 டிகிரி. மெஷின் டப்பாவைச் சாய்த்துச் சாய்த்துத் திருப்பிக்கொண்டிருந்தது. தினமும் திறந்து போன் டார்ச் அடித்துப் பார்ப்பேன். கடைக்காரர் சொன்ன பிறகு கடைசித் தடவை திருப்புவதை நிறுத்தி, தண்ணீரைக் குறைத்து, டப்பாவை இறுக்க மூடி, தொடாமலே வைத்திருந்தேன். பெண் பல்லி 62 கிராம் இருந்தது, இப்போது 48. வாலும் மெலிந்துவிட்டது. சாப்பாடு மீல்வோர்ம் புழுதான். இரண்டு மாத இடைவெளிக்குப் பிறகு வயிற்றில் மறுபடி இரண்டு முட்டை தெரிகிறது. எந்த இன்குபேட்டர் வாங்கலாம்? இந்தத் தடவை கொஞ்சம் முன்னதாகவே முட்டையை வெட்டிக் குஞ்சை எடுத்துவிடலாமா?

பதில்: புது இன்குபேட்டர் வேண்டாம். அந்தக் காசில் முதலில் பெண் பல்லியை, ஊர்வன பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முட்டையை முன்னதாக வெட்டவும் வேண்டாம்.

முட்டை பொரிக்கவில்லை என்று எழுதுகிறவர்கள் எத்தனை டிகிரி, எத்தனை சதவீத ஈரம், எந்தக் கம்பெனி மெஷின் என்பதைத்தான் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். எனக்கு முதலில் தெரியவேண்டியது வேறு: கரு எந்தக் கட்டத்தில் செத்தது? நீங்கள் அதை எழுதியிருக்கிறீர்கள். அதனால் பாதி வேலை முடிந்தது. உங்கள் முதல் ஈட்டில் கருவே கூடவில்லை. இரண்டாவது, மூன்றாவது ஈடுகள் நடுவழியில் செத்தன. நான்காவது வாசல் வரை வந்து செத்தது. இவை மூன்றும் வெவ்வேறு சாவுகள். ஒரு மெஷினை மாற்றி மூன்றையும் சரிசெய்துவிட முடியாது.

முதல் ஈட்டைப் பற்றிக் கவலையே படாதீர்கள். முதல் தடவை முட்டையிடும் பெண்ணுக்கு அது கூமுட்டையாகப் போவது சகஜம். ஆணே இல்லாமல் தனியாக வளரும் பெண்கூட முட்டையிடும். ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் இருட்டறையில் சிறிய டார்ச் பிடித்துப் பார்த்தால், கரு கூடிய முட்டையில் இளஞ்சிவப்பாக ஒரு வட்டமும் அதிலிருந்து கிளம்பும் மெல்லிய நரம்புகளும் தெரியும். கூமுட்டை மொத்தமும் ஒரே மஞ்சளாக ஒளிவிடும். பூஞ்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை: பெரும்பாலும் பூஞ்சை முட்டையைக் கொல்வதில்லை, செத்த முட்டையில்தான் அது ஏறுகிறது. நரம்பு தெரிகிற முட்டையில் லேசாகப் பூஞ்சை வந்தால் உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு வையுங்கள். பயந்துபோய் நல்ல முட்டையைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு.

அடுத்த நான்கு முட்டைகளின் கதைதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அவை நன்றாகத் தொடங்கியவை.

நம் ஊர் வீடுகளில் சுவர்ப் பல்லி ட்யூப்லைட் பட்டிக்குப் பின்னாலும் சாமி படத்துக்குப் பின்னாலும் முட்டை வைக்கும். அதற்கு யாரும் ஈரம் கொடுப்பதில்லை, டப்பா வைப்பதில்லை, தானாகப் பொரித்து ஓடும். அந்த முட்டைக்குச் சுண்ணாம்பு ஓடு. உள்ளே இருக்கிற தண்ணீரை அது எளிதில் விடாது, வெளியிலிருந்து பெரிதாக வாங்கவும் செய்யாது. லெபர்ட் கெக்கோ வேறு குடும்பம். கண்ணுக்கு இமை உண்டு, சுவரில் ஏற ஒட்டும் விரல் கிடையாது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட கல்லாங்காடுகளில் வாழ்கிற பிராணி அது. அதன் முட்டைக்கு மெத்தென்ற தோல் ஓடுதான். சுற்றியுள்ள மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே வளரும், நாளாக நாளாக எடையும் கூடும். ஆகவே சுற்றிலும் ஈரம் குறைந்தால் வற்றிப்போகும், கூடினால் அளவுக்கு மீறிக் குடித்து உப்பிவிடும்.

உங்கள் 'ஒரு கப்புக்கு ஒரு கப்' இங்கேதான் இடித்தது. வெர்மிகுலைட்டுக்கும் தண்ணீருக்கும் சரிக்குச் சரி என்று சொல்வது எடையில். வெர்மிகுலைட் காற்று மாதிரி லேசானது. ஒரு கப் வெர்மிகுலைட் முப்பது, நாற்பது கிராமைத் தாண்டாது. ஒரு கப் தண்ணீரோ 240 கிராம். அப்படியானால் போடவேண்டியதைப் போல ஆறேழு மடங்கு தண்ணீர் போட்டிருக்கிறீர்கள். முட்டைகள் 'நன்றாக உப்பின' என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்களே, அது வளர்ச்சி மட்டும் இல்லை. அவ்வளவு ஈரத்தில் ஓட்டின் நுண்துளைகளைத் தண்ணீர் அடைத்துவிடும், மூச்சு வாங்க வழியிருக்காது. அப்புறம் ஓடு தாங்காமல் ஒழுகும். சமையலறைத் தராசை எடுத்து 100 கிராம் வெர்மிகுலைட்டுக்கு 100 கிராம் தண்ணீர் என்று நிறுத்துப் போடுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. டப்பாவை மூடியோடு நிறுத்து, அந்த எடையை ஒரு ஒட்டுத்தாளில் எழுதி மேலேயே ஒட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு தண்ணீரை ஓரமாக ஊற்றுங்கள். முட்டையின் மேல் படக்கூடாது. முட்டைகள் தண்ணீர் குடிப்பதெல்லாம் டப்பாவுக்குள்ளேயே நடக்கிற மாற்றம், மொத்த எடை அதனால் குறையாது. குறைவது வெளியே போன ஆவி மட்டும்.

இரண்டாவது விஷயம், திருப்பியது. கோழி முட்டையை உடைத்தால் மஞ்சள் கருவின் இரண்டு பக்கமும் முறுக்கின வெள்ளைத் திரி ஒன்று தெரியும். முட்டை எப்படி உருண்டாலும் மஞ்சள் கருவை நடுவில் இழுத்துப் பிடித்து வைப்பது அதுதான். கோழியும் அடை காக்கும்போது முட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்கும். பல்லி முட்டையில் அந்தத் திரி கிடையாது. இட்ட முதல் நாளிலேயே கரு மேல்பக்கமாக மிதந்து வந்து ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் புரட்டினால் ஒட்டிய இடம் பிய்ந்துபோகலாம், அல்லது மஞ்சள் கருவின் பாரம் முழுவதும் கருவின் மேல் விழலாம். கரு சிறியதாக இருக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். உங்கள் மெஷின் ஒவ்வொரு நாளும் பல தடவை டப்பாவைச் சாய்த்திருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் அந்த முட்டைகள் மூன்று வாரம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

முட்டை இட்டதைப் பார்த்தவுடன் பென்சிலால் மேல்பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். எடுக்கும்போது, வைக்கும்போது, டார்ச் அடிக்கும்போது அந்தப் புள்ளி மேலேயே இருக்கவேண்டும். டார்ச் பார்ப்பதும் இரண்டு மூன்று தடவை போதும், தினமும் வேண்டாம்.

வெப்பம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கோழி இன்குபேட்டர் 37.5 டிகிரிக்குச் செய்யப்பட்டது. அந்த வெப்பத்தில் லெபர்ட் கெக்கோ கரு பிழைக்காது. நீங்கள் 30க்கு மாற்றிவிட்டீர்கள், சரி. ஆனால் மலிவு மாடல்கள் சிலவற்றில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் பழைய 37.5க்கே போய்விடும். ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கி மாட்டிச் சோதித்துப் பாருங்கள். அப்புறம், திரையில் தெரிகிற எண் மெஷினின் சென்சார் இருக்கிற இடத்து வெப்பம். முட்டை இருக்கிற இடத்து வெப்பம் அது இல்லை. பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைக்கும் கம்பி வைத்த தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, அதன் நுனியை டப்பாவுக்குள் முட்டைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மெஷினில் நான் செலவு செய்யச் சொல்வது இது ஒன்றுக்குத்தான்.

லெபர்ட் கெக்கோவுக்குக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை அடைகாக்கும் வெப்பம்தான் தீர்மானிக்கிறது. 26 டிகிரியில் ஏறக்குறைய எல்லாமே பெண். 32.5 டிகிரியில் பெரும்பாலும் ஆண். இன்னும் ஏற்றி 34, 35க்குக் கொண்டுபோனால் மறுபடி பெண்கள்தான் அதிகம், ஆனால் அந்த வெப்பத்தில் நிறையக் கருக்கள் செத்துப்போகும். பிழைத்தவற்றிலும் கோணல் முதுகு, கோணல் தாடை வரலாம். ஆண் வேண்டும் என்று வெப்பத்தை மேலே ஏற்றிவிட்டு, மெஷின் ஒன்றிரண்டு டிகிரி தவறினதும் எல்லாவற்றையும் இழப்பவர்கள் உண்டு. வீட்டில் முதல்முறை முயற்சி செய்கிறவருக்கு 28, 29 தான் பாதுகாப்பு. மேலே கீழே இரண்டு டிகிரி தவறினாலும் தாங்கும்.

வெப்பம் நாள் கணக்கையும் மாற்றும். 32 டிகிரிப் பக்கம் ஆறு வாரத்தில் பொரிக்கிற முட்டை, 26இல் இரண்டு மாதத்துக்கு மேல் எடுக்கும். ஆகவே '52ஆம் நாள் வரவேண்டும்' என்று நாட்காட்டியில் வட்டம் போட்டுக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. உள்ளே 30க்குப் பதில் 28 இருந்திருந்தால் 56ஆம் நாள் என்பது தாமதமே இல்லை.

நீங்கள் வெட்டியதால்தான் அந்த இரண்டும் செத்ததோ என்ற சந்தேகம் உங்கள் மகளுக்கு வந்திருக்கலாம். இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள். நாற்றம் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். வெட்டுவதற்குச் சில நாள் முன்பே அவை போயிருக்கின்றன.

இப்போது அந்தக் கடைசி இரண்டுக்கு வருகிறேன். முழுசாக வளர்ந்து, ஓட்டைக் கிழிக்காமல் செத்த குஞ்சு என்றால் மூன்று இடத்தில் தேடுவேன்: காற்று, ஈரம், தாய்.

காற்று முதலில். கரு சின்னதாக இருக்கும்போது அதற்குப் பிராணவாயு கொஞ்சம் போதும். கடைசி மூன்றில் ஒரு பங்கு காலத்தில்தான் தேவை உச்சத்துக்குப் போகும். நீங்கள் முன்பு தினமும் திறந்தீர்கள், பிறகு திறக்கவே இல்லை. இறுக்க மூடின டப்பாவில் எட்டு வாரம் என்பது அதிகம். ஊசியால் இரண்டு மூன்று துளை போட்டு, வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து விசிறிவிட்டு மூடினால் போதும். மூடியின் உட்பக்கம் நீர் கோத்திருந்தால் துடைத்துவிடுங்கள், முட்டை மேல் சொட்டக்கூடாது. ஈரத்தைப் பொறுத்தவரை, தண்ணீரை எவ்வளவு குறைத்தீர்கள் என்று எழுதவில்லை. பள்ளம் விழுந்ததா? கடைசி வாரத்தில் லேசாக விழும் பள்ளமும் வியர்வையும் இயல்பு. முதல் மாதத்திலேயே பள்ளம் விழுந்தால் வறட்சி.

ஆனால் என் பெரிய சந்தேகம் தாய் மேல்தான். காற்றும் ஈரமும் சரியாக இருந்தாலும், மஞ்சள் கருவில் தாய் எதை வைத்து அனுப்பினாளோ அதை வைத்துத்தான் குஞ்சு எலும்பு கட்டவேண்டும், ஓட்டைக் கிழித்து வெளியே வரவேண்டும். வெளியிலிருந்து நாம் கொடுக்க முடிவது வெப்பமும் தண்ணீரும் காற்றும் மட்டும். உங்கள் பெண் பல்லி நான்கு ஈடு முட்டையிட்டு 14 கிராம் இழந்திருக்கிறது. உடம்பு எடையில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். லெபர்ட் கெக்கோ கொழுப்பைச் சேமிப்பது வாலில். வால் மெலிந்தால் சேமிப்பு தீர்ந்தது என்று பொருள். மீல்வோர்ம் புழுவில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். அதை மட்டும் தின்று முட்டைக்கு மேல் முட்டையிடும் பெண், தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக் கொடுக்கும். வைட்டமின் ஏ, டி3 குறைந்தாலும் கரு கடைசிக் கட்டத்தில் விழும்.

வால் மெலிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதற்காகத்தான் மருத்துவரிடம் போகச் சொன்னேன். கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி லெபர்ட் கெக்கோக்களில் அடிக்கடி வருவது. நன்றாகத் தின்றாலும் வால் குச்சியாகிவிடும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும், உறுதியான மருந்தும் கிடையாது. மலத்தை பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முடிவு வரும்வரை இரண்டு பல்லிக்கும் தட்டு, இடுக்கி எல்லாம் தனித்தனி. இது இருந்தால் இனப்பெருக்கம் என்ற பேச்சையே விட்டுவிடவேண்டும்.

இன்றைக்கே செய்யவேண்டியது, ஆணைத் தனித் தொட்டிக்கு மாற்றுவது. அது பெண்ணை விடாமல் துரத்தும், கடிக்கும், பெண் சாப்பிடாமல் ஒளிந்துகொள்ளும். புழுவோடு கிரிக்கெட் பூச்சி, டூபியா கரப்பான் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பூச்சிகளுக்கு ஒரு நாள் முன்பே கீரை, கேரட் தீனி போட்டு வயிறு நிரப்புங்கள். ஒவ்வொரு வேளையும் பூச்சியைக் கால்சியம் பொடியில் உருட்டிக் கொடுக்கவேண்டும். தொட்டியில் ஒரு மூடியில் வெறும் கால்சியமும் வைத்துவிடுங்கள், தேவைப்பட்டால் நக்கிக்கொள்ளும். டி3யும் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏயும் கலந்த பொடி வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை போதும். இவை உடம்பில் தங்குபவை, அதிகம் போனால் அதுவே விஷம்.

வயிற்றில் இருக்கிற இரண்டு முட்டைக்கு இடம் வேண்டும். மூடியுள்ள ஒரு டப்பாவில் நுழைவு ஓட்டை போட்டு, ஈரத் தேங்காய் நார்த்தூளோ பாசியோ நான்கு விரல் ஆழம் போட்டு, தொட்டியின் வெதுவெதுப்பான பக்கம் வையுங்கள். ஹீட்டர் ஓடுகிற கனடா வீட்டில் குளிர்காலக் காற்று அவ்வளவு வறட்சி. பேப்பர் டவல் மேல் இரவில் இட்ட முட்டை காலைக்குள் சுருங்கிக் கிடக்கும். பெண் நாள்கணக்கில் தோண்டிக்கொண்டே இருந்து முட்டையிடாமல், சோர்ந்து, சாப்பாட்டையும் நிறுத்தினால் அது முட்டை அடைப்பு. அன்றே மருத்துவரிடம் போகவேண்டும், காத்திருக்கக் கூடாது.

முன்னதாக வெட்டலாமா என்று கேட்டீர்கள். பல்லிக் குஞ்சு கடைசி நாட்களில்தான் வெளியே இருக்கும் மஞ்சள் கருப் பையை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அதற்கு முன் வெட்டினால் பையும் இரத்தக் குழாயும் வெளியே தொங்கும், குஞ்சு பிழைக்காது. அதன் வாய் நுனியில் ஓட்டைக் கிழிக்க ஒரு ஜோடிப் பல்லே இருக்கிறது. கீறல் போட்ட பிறகு தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு நாள் முழுவதும்கூட உட்கார்ந்திருக்கும், விட்டுவிடுங்கள். ஜோடியில் ஒன்று வெளியே வந்து இரண்டு நாளாகியும் மற்றது கீறவே இல்லை என்றால் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

மறுபடி ஒரு முட்டை செத்தால் தூக்கிப் போடாதீர்கள். திறந்து பாருங்கள், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் மருத்துவரிடம் கொடுங்கள். ஃப்ரீசர் வேண்டாம், உறைந்தால் திசு கெட்டுப் பரிசோதனைக்கு உதவாது. கருப்பு மஞ்சள் பட்டைகள் உடம்பில் தெரிந்தால் கடைசிக் கட்டம். மஞ்சள் கருப் பை இன்னும் பெரிதாக வெளியே இருந்தால் பொரிக்கும் நேரம் வருமுன்னே செத்திருக்கிறது. பை முழுவதும் உள்ளே போய்த் தொப்புள் மூடியிருந்தால் பொரிக்கும் வேளையில் செத்தது. எலும்பு ரப்பர் போல வளைந்தால் தாயின் கால்சியம்தான். போன் கேமராவில் எடுத்துவைத்தாலும் உதவும்.

ஆணைப் பிரித்த பிறகும் ஒன்றிரண்டு ஈடு வரலாம், கரு கூடியும் இருக்கலாம். பெண் லெபர்ட் கெக்கோ ஒரு சேர்க்கையின் விந்தை உடம்பில் வைத்திருந்து அந்தப் பருவம் முழுவதற்கும் பயன்படுத்தும். இந்த உடல்நிலையில் அது உருவாக்கும் முட்டைகளை அடை வைக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வேண்டாம் என்று முடிவு செய்தால் இட்ட அன்றே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், கரு மேற்கொண்டு வளராமல் நின்றுவிடும். வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்றால் மேலே சொன்ன அளவுகளோடு 28 டிகிரியில் வையுங்கள். பெண்ணின் எடை பழைய 62க்குத் திரும்பி, வால் கழுத்தளவு பருத்து, பரிசோதனையும் சுத்தமாக வந்தால் அடுத்த ஜனவரிக்குப் பிறகு ஆணைச் சேர்க்கலாம். இரண்டும் ஒரே இடத்தில் வாங்கியவை என்றால், ஒரே தாய்க்குப் பிறந்தவையா என்று அதற்குள் விற்றவரிடம் கேட்டுவிடுங்கள்.